நாலாவது அழைப்பு

ரோசோ, மினசோட்டா
ஜனவரி 12, 1986

ஆர்டெலுக்கு,

இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் இடுப்புவலி எப்படி? உன் வீட்டுக்காரர் ராயின் இருமல் நின்றதா, இல்லை இன்னும் வைத்தியரைப் பார்க்காமல் வீம்பு பிடிக்கிறாரா?

ஏப்ரலில் மிசிசிப்பிக்குப் போவோம், விடுமுறைக்கு விடுமுறையும் ஆச்சு, பேரனைப் பார்த்ததும் ஆச்சு என்று எழுதியிருக்கிறாய். நம் குடும்பத்தில் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. சரி, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று நூலகத்திலிருந்து ஒரு பயணப் புத்தகம் எடுத்து வந்தேன். படித்தபிறகு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. அங்கே கரப்பான் பூச்சி கட்டைவிரல் தண்டி இருக்குமாம், பறக்குமாம். அதற்கு அழகாக ஒரு செல்லப்பெயர் வேறு வைத்திருக்கிறார்கள். நிலக்கடலையை நல்ல பிள்ளையாக வறுத்துத் தின்னாமல் உப்புத் தண்ணீரில் அவித்து, சொதசொதவென்று தின்கிறார்களாம். பெட்ரோல் போடுகிற கடையில் பன்றிக்கால் ஊறுகாய் கண்ணாடி ஜாடியில் மிதக்குமாம். காசு கொடுத்து இதையெல்லாம் பார்க்கப் போவதற்குப் பெயர் விடுமுறையா?

ஆனாலும் குழந்தை பிறந்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு ஃபோட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

என் பிள்ளை கர்ட்டும் மருமகள் ரெனெலும் இருப்பது தகர டிரெய்லர் வீடு. மூன்று பேர் படுத்தால் நாலாவது ஆள் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும். தங்குவதென்றால் பக்கத்திலேயே இருக்கிற சம்பந்தியம்மா வீட்டில்தான். அந்த இமோஜீன் கிறிஸ்துமஸ் அன்று ஃபோனில், "எங்க வீட்டுக்கு வாங்க, வந்து தங்குங்க"ன்னாள். "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்"னேன். புத்தாண்டு வாழ்த்து அட்டையில் மறுபடி எழுதினாள். "நாங்கள் ஏதாவது ஒரு சுத்தமான மோட்டலில் தங்கிக்கொள்கிறோம், நீங்கள் அலைய வேண்டாம்" என்று பதில் போட்டேன். ஆக இரண்டு ஆயிற்று. அம்மா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும்: ஒருமுறை கேட்டால் உபசாரம், இரண்டாம் முறை மரியாதை, மூன்றாம் முறை கேட்டால்தான் மனசு. மூன்றாவது அழைப்பு வரட்டும், கிளம்பிவிடுவோம்.

கைகால் பத்திரம். பனியில் வண்டி ஓட்டாதே.

உன் அக்கா,
வெர்னா


மைல்ஸ் சிட்டி, மொன்டானா
ஜனவரி 27, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இருமல் நின்றுவிட்டது, வீம்பு நிற்கவில்லை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

நான் இங்கிருந்து பஸ்ஸில் உன்னிடம் வந்துவிடுகிறேன். அங்கிருந்து உன் காரிலேயே இறங்குவோம். வழியில் நீ எதைப் பார்த்து முகம் சுளித்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம்.

ஒன்று சொன்னால் கோபப்படாதே. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், பக்கத்துப் பண்ணைக்காரி வீட்டுக்குப் போனேன். "காப்பி குடிக்கிறியா?"ன்னாள். "வேண்டாங்க, இருக்கட்டும்"னேன். "சரி"ன்னு சொல்லிட்டு அவளுக்கு மட்டும் ஊத்திக்கிட்டா, அக்கா! நான் அடுத்த முறை கேட்பாள், அடுத்த முறை கேட்பாள் என்று அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எல்லா ஊரிலும் மூன்று முறை கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீயே ஒரு வரி எழுதிப் போடேன்: வருகிறோம் என்று. முடிந்தது வேலை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
ஆர்டெல்


ரோசோ
பிப்ரவரி 20, 1986

ஆர்டெலுக்கு,

நலம்தான். ஒத்தடம் கொடுத்ததில் முழங்கால் சிவந்ததுதான் மிச்சம்.

நீ எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். நானாக "வருகிறேன்" என்று எழுதுவதாம்! அழையாத விருந்தாளியாகப் போய் நிற்க என்னால் ஆகாது. தினமும் தபால் பெட்டி வரை பனியை வாரித் தள்ளிக்கொண்டு போகிறேன். விதை விளம்பரமும் மின்சார பில்லும் வருகின்றன. அவளிடமிருந்து ஒரு துரும்பு வரவில்லை. இரண்டு முறை வாய்வார்த்தைக்குக் கேட்டாள், கை கழுவிவிட்டாள். மனசு இவ்வளவுதான்.

கர்ட் ஒரு ஃபோட்டோ அனுப்பியிருக்கிறான். குழந்தை இமோஜீன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. பால்புட்டியில் பழுப்பாக என்னவோ. பின்னால் திருப்பிப் பார்த்தால், "பாட்டி கொடுத்த முதல் சர்க்கரைத் தேநீர்" என்று எழுதியிருக்கிறான். பல் முளைக்காத பிள்ளைக்கு! பெயராவது ஒழுங்காக வைத்தார்களா? பெண் வீட்டுக் குடும்பப் பெயரைத் தூக்கி முதல் பேரனுக்கு வைப்பது அந்த ஊர் வழக்கமாம். டாட்லாக்! அது பூட்டு மாதிரி கதவில் தொங்கவிடுகிற பெயரா, தொட்டிலில் போடுகிற பெயரா? என் வீட்டுக்காரர் ஆர்விட் இருந்திருந்தால் அன்றைக்கே ஃபோனை வைத்திருப்பார்.

அங்கே இருக்கிற ஒரு மோட்டலுக்கு எழுதினேன். வண்ணப்படம் போட்ட மடிப்புத்தாள் அனுப்பினார்கள். பிரித்தால் நீச்சல் குளத்தின் மேலே ஒரு கொசு நசுங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அச்சடித்ததல்ல, அசல் கொசு, ரத்தத்தோடு. தாளை இடுக்கியால் பிடித்து அடுப்பில் போட்டுவிட்டுக் கையைக் கழுவினேன்.

உன் இடுப்பு எப்படி என்று நீ எழுதவில்லை. எழுது.

வெர்னா


மைல்ஸ் சிட்டி
மார்ச் 15, 1986

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம். இங்கே மாடுகள் கன்று போடும் சமயம், சாப்பிடக்கூட நேரமில்லை. இடுப்பு வலிக்க நேரம் கிடைத்தால்தானே வலிக்கும்.

குழந்தைக்கு ஒரு கம்பளிக் குல்லா பின்னியிருக்கிறேன். இமோஜீன் அம்மாவின் முகவரி என்னிடம் இல்லை. கர்ட்டுக்கு அனுப்பலாம்தான், ஆனால் டிரெய்லர் வாசலில் வைத்துவிட்டுப் போனால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயமாக இருக்கிறது. முகவரி எழுதி அனுப்பு. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

ஆர்டெல்


ரோசோ
மார்ச் 26, 1986

ஆர்டெலுக்கு,

முகவரி இதன் பின்பக்கம் இருக்கிறது. அந்த உலைக்குள் கிடக்கிற பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. உன் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை கர்ட் ஃபோன் பண்ணினான். என் வயிற்றில் பிறந்தவன், இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் பாகு மாதிரி இழுத்து இழுத்துப் பேசுகிறான். கேட்கவே கூசுகிறது. "உன் மாமியாருக்கு நாங்க வர்றதுல இஷ்டமா, இல்லையாடா?"ன்னேன்.

"அவங்கதான் கேட்டாங்களேம்மா. நீதானே வேண்டாம்னுட்டே."

"ரெண்டு தடவைதானே கேட்டா?"

"ரெண்டு தடவை கேட்டாங்க இல்ல? போதாதா?"

இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் கேட்கிற கேள்வியா இது? பிறகு அவனே, "இந்தத் தடவை நீ மோட்டல்லயே தங்கிக்கோம்மா, இங்க யாரும் அதைப் பத்திப் பேசறதில்லை"ன்னான். அதாவது, அந்த வீட்டில் என் பேச்சை எடுக்கவே முடியாதபடி ஆகியிருக்கிறது. நான் என்ன செய்தேன் இவர்களுக்கு?

மிசிசிப்பியும் வேண்டாம், அதன் அவித்த கடலையும் வேண்டாம். நாம் விஸ்கான்சினுக்குப் போவோம். அங்கே வீடு உயரத்துக்கு ஒரு மீன் பொம்மை கட்டியிருக்கிறார்களாம், வாய்க்குள் ஏறி நின்று வேடிக்கை பார்க்கலாம். அது போதும் எனக்கு. ஃபோட்டோவை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டேன். அந்தத் தேநீர்ப் புட்டியைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது.

உடம்பு ஒன்றுமில்லை. தூக்கம்தான் இல்லை.

வெர்னா


லூஸ்டேல், மிசிசிப்பி
ஏப்ரல் 9, 1986

மதிப்புக்குரிய மிஸ் ஆர்டெல் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும் கடவுள் கிருபையால் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். குல்லா வந்தது, மிகவும் நன்றி. வெளியே தார் உருகுகிறது. ஆனாலும் குழந்தை டாட் அதைத் தலையில் வைத்தால் கழற்ற விடுவதில்லை.

குல்லாவோடு வைத்த கடிதத்தில், எங்கே தவறு நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் அக்கா வருவார் என்று பின்னறைக்கு வெள்ளை அடித்தேன். புது மெத்தை போட்டேன். ஜன்னல் வலையை மாற்றினேன், ஆளை வைத்துப் பூச்சி மருந்து அடித்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வா என்று அழைத்தால், முதல் முறை வேண்டாம் என்பது கூச்சம். இரண்டாம் முறையும் வேண்டாம் என்றால் அந்த வீட்டில் கால் வைக்க அருவருப்பு என்று பொருள். அவரோ, "சுத்தமான மோட்டலில் தங்கிக்கொள்கிறோம்" என்று எழுத்தில் எழுதினார். என் வீடு சுத்தமில்லை என்று என் முகத்தில் அடித்தாற்போல் சொன்ன பிறகு நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு மூன்றாம் முறை கேட்பது? அதற்குப் பெயர் கெஞ்சல்.

மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த மீனைக் காரத்தண்ணீரில், வாய்க்கால் அடைப்பு எடுக்கிற அந்தக் காரத்தில், நாள்கணக்கில் ஊறவைத்துக் கொழகொழவென்று ஆனபின் பண்டிகைக்குத் தின்பீர்கள் என்று கர்ட் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து ஒரு வாரம் எனக்கு மீனே பிடிக்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் என் சமையலறையைப் பற்றிப் பேசுவதா என்று எனக்கும் கோபம் வந்தது. மன்னியுங்கள்.

அந்த அறை இன்னும் அப்படியே இருக்கிறது. மெத்தை மேலே போட்ட உறையைக்கூடக் கழற்றவில்லை.

என்றும் அன்புடன்,
இமோஜீன் டாட்லாக்


மைல்ஸ் சிட்டி
ஏப்ரல் 17, 1986

அன்புள்ள இமோஜீன் அம்மாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் குழந்தையின் சுகத்துக்கும் வேண்டுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். நாங்கள் பிறந்து வளர்ந்த ஊரில் ஒரு வாய் காப்பி கொடுத்தால்கூட இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மூன்றாவது முறைதான் கை நீட்டுவோம். முதல் முறையே "சரி" என்றால் பேராசைக்காரி என்று பெயர். என் அக்கா ஜனவரியிலிருந்து உங்கள் மூன்றாவது அழைப்புக்காகப் பனியில் தபால் பெட்டிக்கு நடக்கிறாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. "சுத்தமான" என்று எழுதியது அவளுக்கு ஞாபகமே இருக்காது.

கெஞ்சல் என்று நினைக்க வேண்டாம். இன்னும் ஒரே ஒரு முறை கேளுங்கள். நான் எழுதியதாக மட்டும் காட்டிக்கொள்ளாதீர்கள். தெரிந்தால் என்னை உயிரோடு விடமாட்டாள்.

ஆர்டெல்

(மீனைப் பற்றி நீங்கள் கேட்டதெல்லாம் உண்மை. நானும் தட்டின் ஓரத்தில்தான் ஒதுக்கி வைப்பேன்.)


லூஸ்டேல்
ஏப்ரல் 28, 1986

மதிப்புக்குரிய மிஸ் வெர்னா அவர்களுக்கு,

தங்கள் சுகத்துக்காகப் பிரார்த்திக்கிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் வீட்டில் வந்து தங்கும்படி தங்களை இதனால் மூன்றாவது முறையாக அழைக்கிறேன்.

தங்கள்,
இமோஜீன் டாட்லாக்


ரோசோ
மே 4, 1986

ஆர்டெல்,

வாழ்த்தும் விசாரிப்பும் இந்தக் கடிதத்தில் கிடையாது.

"இதனால் மூன்றாவது முறையாக!" கோர்ட் நோட்டீஸ் விட்டிருக்கிறாள் சம்பந்தி. உலகத்தில் எவளாவது எண்ணிச் சொல்லிக் கூப்பிடுவாளா? என் முழங்கால் விஷயம் அவளுக்கு யார் சொன்னது? மாடு கன்று போடுகிறது, குல்லா பின்னினேன், முகவரி கொடு! நீ குல்லா பின்னியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நீ ஒரு கைக்குட்டையை முடித்ததில்லை.

என் மானத்தைக் கொண்டுபோய்த் தெருவில் வைத்துவிட்டாய். "என் அக்கா ஏங்குகிறாள், தயவு பண்ணி ஒரு தடவை கேளுங்கள்" என்று எழுதியிருப்பாய். இரக்கப்பட்டுப் போடுகிற சோற்றை நான் தின்பதில்லை. கேட்டு வாங்கிய மூன்றாவது முறைக்கும் கேட்காததற்கும் என்ன வித்தியாசம்? அவள் மேல் எனக்கு அவ்வளவு அருவருப்பு இல்லை. உன் மேல்தான்.

நீ இங்கே வர வேண்டாம். விஸ்கான்சினும் வேண்டாம். அவளுக்கு நான் பதில் போடப்போவதில்லை. அதோடு, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, புருஷனையும் பறிகொடுத்தவளை "மிஸ்" என்று எழுதுகிறாளே, அது கிண்டலா, என்ன அது?

வெர்னா


லூஸ்டேல்
மே 21, 1986

மிஸ் வெர்னா அவர்களுக்கு,

சுகமா? பதில் வரவில்லை. போன கடிதத்தில் எண்ணிக்கையைப் போட்டது பிசகு என்று ரெனெல் சொன்னாள். "அம்மா, அதைப் போயி எழுதுவாங்களா, அதென்ன ஏலம் விடறதா?"ன்னு கத்தினாள். எனக்கு என்ன தெரியும். உங்கள் ஊர் முறையில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

உங்கள் தங்கை எனக்கு எழுதினார் என்பது உண்மை. ஒளிக்கவில்லை. மூன்றாவது அழைப்பு அவர் சொல்லித்தான் எழுதினேன். அதைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் ஊர்க் கணக்கு அதோடு முடிந்தது.

இது நாலாவது. இதை எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை, ரெனெல் எழுத வேண்டாம் என்றே சொன்னாள். எங்கள் ஊரில் ஒருவரை நாலு முறை கூப்பிட்ட பெண்பிள்ளை கிடையாது. கோயிலில் யாருக்காவது தெரிந்தால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். டாட் இப்போது தவழ ஆரம்பித்துவிட்டான். உங்கள் பேச்சை எடுத்தால் கர்ட் எழுந்து வெளியே போய் வண்டியைக் கழுவுகிறான். கழுவின வண்டியையே கழுவுகிறான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

என் வீடு உங்களுக்கு அருவருப்பாக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டாவது வாருங்கள்.

இமோஜீன்


லூஸ்டேல், மிசிசிப்பி
ஜூன் 22, 1986

ஆர்டெலுக்கு,

நலம். மேலே ஊர்ப் பெயரைப் பார்த்து விழுந்துவிடாதே. நாலாவது முறை கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அம்மா நமக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு வாரம் யோசித்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

இந்த ஊரைப் பற்றி நான் படித்ததெல்லாம் பொய். இது அதைவிட மோசம். காற்று என்று ஒன்று கிடையாது, ஈரத்துணியைத்தான் மூச்சாக இழுக்க வேண்டியிருக்கிறது. வெண்டைக்காய் என்று ஒரு காய், நறுக்கினால் சளி வழிகிறது. அதைப் பரிந்து பரிந்து தட்டில் வைக்கிறாள். நாய் குளிக்காமல் சோபாவில் படுக்கிறது. எல்லோரும் என்னைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிறார்கள். கடைக்காரி என்னைக் கட்டிக்கொண்டாள், கடைக்காரி! "மிஸ்" என்பது கிண்டல் இல்லை, பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையாம்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். மேசை மேல் வெள்ளை விரிப்பு, கல்யாணத்துக்கு எடுக்கிற தட்டுகள். இமோஜீன் கையில் கோழிக்கறித் தட்டோடு வருகிறாள். சுவரிலிருந்து ஒன்று பறந்து வந்து விரிப்பின் நடுவில் உட்கார்ந்து மீசையை ஆட்டியது. கட்டைவிரல் தண்டி என்று புத்தகத்தில் போட்டிருந்தது, அதுவும் பொய், அதைவிடப் பெரிசு. நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "மருந்து அடிச்சேன்... ரெண்டு ஆள் வெச்சு அடிச்சேன் மிஸ் வெர்னா..."ன்னு சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. கர்ட் என்னைப் பார்க்கிறான். நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும்.

செருப்பைக் கழற்றி ஒரே அடி. "எங்க ஊர்ல கொசுவே இந்தத் தண்டி இருக்கும். கோழி ஆறுது, வைங்க"ன்னேன். ஆர்டெல், அந்த விரிப்பின் மேலேயே சாப்பிட்டேன். கறைக்குப் பக்கத்தில். ஒவ்வொரு கவளத்துக்கும் உவ்வே என்று வந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

பையன் ஆர்விட் ஜாடை. அதே காது. நான் கையில் எடுத்ததும் என் பிளவுஸில் வாந்தி எடுத்தான், தேநீர்தான். அதை மாற்றாமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். நீ குல்லாவைத் தலைகீழாகப் பின்னியிருக்கிறாய்.

நேற்று நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். பெட்டி வாசலில் இருந்தது. இமோஜீன் வாசற்படியில் நின்று, "இப்ப என்ன அவசரம் மிஸ் வெர்னா? இருந்து மெதுவாப் போறது"ன்னாள். இந்த ஊரில் கிளம்புகிற எல்லோரிடமும் அதைச் சொல்வார்கள். பாதிரியாரிடம் சொன்னாள், மருந்தடிக்க வந்த ஆளிடம் சொன்னாள், ஒருவரும் திரும்பி வந்து உட்கார்ந்ததில்லை. அது வெறும் வாய்வார்த்தை என்று இத்தனை நாளில் எனக்கு நன்றாகத் தெரியும்.

"சரி"ன்னேன்.

அவள் வாய் திறந்தபடி நின்றது. ஒரே முறை கேட்டதற்கு, முதல் முறையிலேயே, சரி. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு வெட்கங்கெட்டு நடந்ததில்லை. முகம் கொதித்தது. ஆனால் பையன் என் இடுப்பில் இருந்தான், இறக்கிவிட மனசு வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். உள்ளேயிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. இப்போது வெண்டைக்காய் வாங்கப் போயிருக்கிறாள், பாவி.

ராயையும் மாடுகளையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நீயும் புறப்பட்டு வா. ஒரு தடவைதான் கேட்பேன்.

அக்கா,
வெர்னா